ஊட்ல ஏதோ

பாத்து ஏறுங்க தம்பி, மூணாவது படி கொஞ்சம் ஒசரம். கொத்தனாரு பண்ணுன வேலை. இருங்க, லைட்டப் போடறேன். ஹாலு இதுதானுங்க. ரெண்டு பக்கமும் ஜன்னல், காத்துக்குக் கொறச்சலே இல்ல. அந்த ஜன்னலத் தொறந்தா மலை தெரியும். தண்ணிக்கும் பயமில்லீங்க, போரும் இருக்குது, காவேரித் தண்ணியும் வருது.

என்ன, செவுத்தையே பாக்கறீங்க? பிளக் பாயிண்டா? எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. ஒரு ஹாலுக்கு எதுக்குங்க இத்தன பிளக்குன்னு. போன வாரம் வீடு பாக்க வந்தவரு, இங்க பிரௌசிங் சென்டர் நடத்துனீங்களான்னு கேட்டாரு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பிரௌசிங் சென்டராம். இந்த ஹாலுலதான் தம்பி, வாத்தியாருங்களுக்கும் புள்ளைங்களுக்கும் ஏஐ வெச்சு ஒரு படிப்புத் தளம் கட்டுனோம். இந்தச் சுத்துவட்டாரத்துல அதுக்கு முன்னால யாரும் செய்யல. நான் செஞ்சேன். இந்தச் செவுரு பூராம் அப்ப வெள்ளைப் பலகை. அந்த மூலைல சர்வர் இருந்துச்சு.

உக்காருங்க. சேர்ல தூசி இருக்காது, காலைலதான் தொடச்சேன். இன்னிக்கு உங்க பேங்க்கு லீவுதானே? அவசரமில்லீல்ல?

எங்கூட்டுக்காரி கணக்கு டீச்சருங்க. கோகிலவாணி. கோகிலா மேம்னு சொன்னாத்தான் ஊருக்குத் தெரியும். கீழ நீங்க பாத்திருக்க மாட்டீங்க, அவ இப்ப இங்க இல்ல. அதச் சொல்றதுக்குத்தான் வர்றேன். நான் பெங்களூர்ல சாஃப்ட்வேர்ல இருந்துட்டு, அப்பாவுக்கு ஒடம்புக்கு முடியாமப் போனப்ப இங்க வந்தவன். கம்ப்யூட்டர் சென்டர் நடத்திட்டிருந்தேன். அவ நம்மூர்ல பெரிய தனியார் ஸ்கூலு ஒண்ணுல வேலை. பேரு வேண்டாங்க. ஹாஸ்டல் வெச்சு நடத்தற ஸ்கூலு, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆனா எங்க சாப்பாட்டு மேசையில தட்டு வெக்க எடமிருக்காது. பூராம் விடைத்தாளு. அவ திருத்தறத நீங்க பாக்கோணும். மத்த டீச்சருங்க தப்புன்னா ஒரு இன்ட்டுப் போட்டுட்டுப் போயிருவாங்க. இவ இன்ட்டே போடமாட்டா. புள்ள எந்த எடத்துல வழி தப்புச்சோ அந்த எடத்துல சின்னதா ஒரு வட்டம் போடுவா. ஒரு நா பக்கத்துல உக்காந்து பாத்தனுங்க. ஒரு பையன் அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டி, அஞ்சுல ரெண்டுன்னு எழுதியிருக்கறான். என்ன கோகிலா, ஒம்பதாவது வந்தும் பின்னங்கூடத் தெரியலயேன்னேன்.

"மேல இருக்கறத மேலயும் கீழ இருக்கறதக் கீழயும் கூட்டியிருக்கறானுங்க. அவனுக்கு அதுதான் நாயம்னு தோணுது. நாம்ப அவன் நிக்கற எடத்துக்குப் போயி, அங்கிருந்துதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரோணும்"னா.

எனக்கு அப்பத்தான் தோணுச்சு. இவ மண்டைக்குள்ள இருக்கறத வெளிய எடுத்து மெஷினுக்குள்ள போட்டுட்டா, அத்தன புள்ளைங்களுக்கும் ஆளுக்கொரு கோகிலா மேம் கெடைச்சிருவாங்கல்ல? நல்ல எண்ணம்தானுங்களே? நீங்களே சொல்லுங்க.

அகல்யான்னு ஒரு பொண்ணு, நம்மூர் காலேஜுலயே இஞ்சினியரிங் முடிச்சவ, அவளையும் கூட ரெண்டு பேரையும் வேலைக்கு வெச்சேன். ஏஐன்னா அடியில இருந்து நாம்ப செய்யறதில்லீங்க. பெரிய கம்பெனிக்காரங்க செஞ்சு வெச்சிருக்கற மூளை வாடகைக்குக் கெடைக்குது. அதுக்கு நம்ம பாடத்தையும் நம்ம பேச்சையும் பழக்கோணும். அந்தப் பழக்கறதுதான் வேலையே. கோகிலா ரெண்டு வருசக் கோடை லீவையும் அதுக்கே குடுத்தா. பரண்மேல கெடந்த விடைத்தாளுக் கட்டெல்லாம் எறக்குனா. சித்திரை வெய்யில்ல இந்த ஹாலு அடுப்பாட்டம் இருக்கும், அப்ப ஏசி போடல. அவ முந்தானையில மூஞ்சியத் தொடச்சுட்டு ஒவ்வொரு தாளா எடுத்து அகல்யாகிட்டச் சொல்லுவா. இது அவசரம். இது பாதிதான் புரிஞ்சிருக்குது. இது பயம், தெரிஞ்ச கணக்கையே ரெண்டு தடவ அடிச்சு எழுதியிருக்குது பாரு. இது பக்கத்துப் பையனப் பாத்து எழுதுனது, ஆனா அவனும் தப்பாத்தான் எழுதியிருக்கறான். அகல்யா அதயெல்லாம் தலைப்புத் தலைப்பாப் பிரிச்சுப் போட்டு வெப்பா. ரெண்டு பேரும் சிரிச்சுட்டே செய்வாங்க. கீழ இருக்கற எனக்குக் கேக்கும்.

ஒரு நா நான் மேல வந்தப்ப கோகிலா ஒரே தாளத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தா. நானும் எட்டிப் பாத்தேன். எழுத்து போகப் போகச் சிறுத்துட்டே போகுது. சுலபமான கணக்கயெல்லாம் விட்டிருக்குது, கஷ்டமான ஒண்ணச் சரியாப் போட்டிருக்குது.

"இதுக்கு என்ன தலைப்பு மேம்?"னு அகல்யா கேட்டா.

"ஊட்ல ஏதோன்னு போடு. இது கணக்குல வர்ற தப்பில்ல. இந்தப் புள்ளையத் தனியாக் கூப்புட்டு, சாப்ட்டயா சாமின்னு கேக்கோணும்."

அகல்யாவும் அப்படியே ஒரு தலைப்பச் சேத்துட்டா. 'ஊட்ல ஏதோ'. அதுல கொஞ்சம் தாளும் சேந்துச்சு.

அந்த ஒரு தலைப்ப மட்டுந்தானுங்க நான் தூக்கிட்டேன். யோசிச்சுப் பாருங்க. பயம்னா மெஷினு சுலபமான கணக்காக் குடுக்கும். அவசரம்னா படிப்படியாப் போடச் சொல்லும். ஊட்ல ஏதோன்னா மெஷினு என்ன பண்ணும்? புள்ள ஊட்டுக்கு நடந்து போயிப் பாக்குமா? அடுத்து என்ன செய்யறதுன்னு தெரியாத தலைப்ப வெச்சுட்டு என்ன பண்றதுங்க. அதுல இருந்த தாளயெல்லாம் 'கவனக்குறைவு'ங்கற தலைப்புல சேத்துட்டேன். அதுக்குக் கூடுதல் பயிற்சின்னு வெச்சேன். கோகிலாகிட்டச் சொன்னனான்னா, சொல்லல. இதுல சொல்றதுக்கு என்ன இருக்குதுங்க. டெக்னிக்கல் விசயம்.

பேரு வாணின்னு வெச்சேன். படிப்புக்குத் தெய்வம், எங்கூட்டுக்காரி பேர்லயும் பாதி. பொண்டாட்டிக்கு இப்படி மரியாத பண்ணுனவங்க எத்தன பேருங்க இருப்பாங்க? சொன்னப்ப அவ சிரிச்சா. "என்னையக் கேக்காமயே எம்பேர எடுத்துட்டீங்களா"ன்னா. வெளையாட்டுக்குத்தான் சொன்னா.

குரலும் அவ குரலுதான். அவ புள்ளைங்ககிட்டப் பேசறதப் பதிவு பண்ணி அதயே பழக்குனோம். ஒரு புள்ள கணக்கத் தப்பாப் போட்டா, "பரவால்ல சாமி, இன்னொருக்காப் பாக்கலாம்"ங்கும். அச்சு அசலு அவளேதான். மொத மொதல்ல ஸ்கூலு லேபுல ஓட்டிக் காட்டுனப்ப புள்ளைங்க கோகிலா மேம், கோகிலா மேம்னு பெஞ்சு மேல ஏறிருச்சுங்க. அவ ஓரமா நின்னு பாத்துட்டிருந்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. சந்தோசத்துலதானுங்க.

இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. கெடுத்தது அந்த ஸ்கூலுத் தாளாளரு.

அவரு முன்னால ரிக் வண்டி வெச்சிருந்தவரு. நம்மூர்ல பாதிப்பேரு அதுதானுங்களே, ஆந்திரா, ஒடிசான்னு போயிப் போர் போடறது. நான் புள்ளைங்களுக்குச் செஞ்சதயெல்லாம் அவர்கிட்டக் காட்டுனேன். பூராத்தையும் பாத்துட்டு என்ன கேட்டாருன்னா, "லோகநாதா, புள்ளைங்க பக்கம் சரிதான். வாத்தியாரு பக்கம் என்ன தெரியும்? ரிக்குல எத்தன அடி போயிருக்குதுன்னு நான் இங்க உக்காந்துட்டே தெரிஞ்சுக்குவேன். வகுப்புல ஒரு டீச்சரு எத்தன அடி போயிருக்குதுன்னு எனக்குத் தெரியோணும். அதச் செஞ்சு குடு, மூணு ஸ்கூலுக்கும் வாங்கிக்கறேன்"னாரு.

தப்பாக் கேட்டாருன்னு நான் சொல்லமாட்டேன். செஞ்சு குடுத்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கெடு. வகுப்பு முடிஞ்சதும் டீச்சரு அவங்க டேப்லட்டுல 'முடிந்தது'ன்னு ஒரு பொத்தான அமுக்கோணும். கெடுவுக்குள்ள முடிச்சாங்களா, புள்ளைங்கள வாணிகிட்ட எத்தன தடவ அனுப்புனாங்க, வாரத் தேர்வுல மார்க்கு ஏறுச்சா, எல்லாத்தையும் வெச்சு ஒரு நெறம் வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு. மாசக் கூட்டத்துல திரையில போடுவாங்க.

எங்கூட்டுக்காரிக்குச் சிவப்பு வந்துச்சு.

மொத மாசமே சிவப்பு. ஏன்னா அவ பொத்தானே அமுக்கறதில்ல. ஒம்பதாவதுக்கு இயற்கணிதம் நடத்தோணும், அவ புள்ளைங்களுக்குப் பின்னம் வரலைன்னு ஒரு வாரம் பூராம் பின்னத்துக்கே திரும்பப் போயிட்டா. ஊட்ல சொல்லிப் பாத்தனுங்க. கோகிலா, பொத்தான மட்டுமாவது அமுக்கிருன்னேன்.

"புரியாம எப்படிங்க முடிஞ்சுதுன்னு அமுக்கறது?"ன்னா.

அகல்யா எங்கிட்ட வந்து, "சார், மேமுக்குச் சிவப்பு வருது. புரிய வெக்கறதுக்குன்னு கொஞ்சம் மார்க்கு ஒதுக்கி, கணக்க மாத்தலாங்களா சார்? மேம் இல்லைன்னா இந்த வாணியே இல்லீங்களே"ன்னு கேட்டா. நான் ஒரே வார்த்தைல சொன்னேன், கூடாது. எம்பொண்டாட்டிக்காக மாத்துனா நாளைக்கு யாருங்க நம்புவாங்க? புரிய வெக்கறத எப்படி அளக்கறது?

கூட்டத்துல சிவப்புப் பேரத் திரையில போட்டப்ப டீச்சருங்க மத்தியில சலசலப்பு. நானே எந்திரிச்சுச் சொன்னேன், பாருங்க, இதுல எங்கூட்டுக்காரி பேரும் இருக்குது, வாணிக்குச் சொந்தம் பந்தம்னு எதுவும் தெரியாதுன்னு. ஒடனே கை தட்டுனாங்க. தாளாளரே தட்டுனாரு. அப்பறம் கோயமுத்தூர்ல ஒரு மாநாட்டுல பேசக் கூப்புட்டாங்க, அங்கயும் இதச் சொன்னேன், அங்கயும் தட்டுனாங்க. நேர்மைன்னா அதுதானுங்க.

மொதக் கூட்டம் நடந்த அன்னிக்குச் சாயங்காலம் அவ ஸ்கூட்டர எடுக்காம நடந்தே ஊட்டுக்கு வந்தா. வந்து வழக்கம்போலத் தோசைக்கு ஊத்துனா. ஒண்ணும் கேக்கல. நானும் பெருசா எடுத்துக்கல. பாத்தீங்கன்னா, அவளுக்கு வருத்தமிருந்தா வாயத் தொறந்து சொல்லியிருக்கோணும். சொல்லாமயிருந்தா நமக்கு எப்படித் தெரியும்?

அப்பறம் அந்தப் புள்ள விசயம்.

ஹாஸ்டல்ல ஒம்பதாவது படிச்ச புள்ள. பேரு நாக்குல நிக்குது, வரல. ஏதோ ஸ்ரீன்னு முடியும். அப்பன் ரிக்குல சத்தீஸ்கர் பக்கம் போயிட்டாரு. அம்மா எங்கயோ பிரிஞ்சு போயிருச்சுன்னு சொன்னாங்க, எனக்குச் சரியாத் தெரியாது. நல்லாப் படிச்சுட்டிருந்த புள்ளைக்கு மார்க்கு எறங்குச்சு. வாணி கவனக்குறைவுன்னு கண்டுபுடிச்சுக் கூடுதல் பயிற்சி குடுத்துட்டே இருந்துச்சு. அது எந்தக் கொறையும் வெக்கலீங்க. ஒரு நா காலைல வார்டன் எண்ணிப் பாக்கறப்பப் புள்ளையக் காணோம்.

ஸ்கூலே கதி கலங்கிருச்சு. போலீசுக்குப் போகவா வேண்டாமான்னு தாளாளரு யோசிச்சுட்டிருக்கறாரு, கோகிலா யாரையும் கேக்கல, ஸ்கூட்டர எடுத்துட்டுக் கெளம்பிட்டா. பஸ் ஸ்டாண்டு, சங்ககிரி, பள்ளிபாளையம்னு தேடிட்டே போயி, சாயங்காலம் ஈரோடு ஜங்ஷன்ல கண்டுபுடிச்சுட்டா. வடக்க போற ரயிலு எதுன்னு தெரியாம அந்தப் புள்ள காலைல இருந்து பிளாட்பாரத்துலயே உக்காந்திருக்குது. யூனிஃபார்ம் போட்ட புள்ள, யாரும் என்னன்னு கேக்கல. அப்பாகிட்டப் போறேன்னு சொல்லியிருக்குது.

நல்லபடியாக் கெடைச்சிருச்சுங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. அதோட விட்டிருக்கலாம்.

ஆனா பிளாட்பாரத்துல கோகிலா அந்தப் புள்ளகிட்டக் கேட்டிருக்கறா, ஏன் சாமி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதான்னு. அது இவ மூஞ்சிய நிமுந்து பாத்துட்டுச் சொல்லியிருக்குது, "சொன்னேனே மேம். தெனமும் சொன்னேனே. நீங்கதான் கணக்குப் போடலாம் கணக்குப் போடலாம்னீங்க."

பாருங்க தம்பி, புள்ளைங்க புத்தி. அது வாணிகிட்டச் சொன்னத இவகிட்டச் சொன்னதா நெனச்சுட்டிருந்திருக்குது. குரல் அதேதானுங்களே. இது ஒரு மெஷினுன்னு திரையில கீழ சின்ன எழுத்துல போட்டிருந்தோமுங்க. இங்கிலீஷுல தெளிவாவே போட்டிருந்தோம். படிக்காதது யாரு தப்பு?

மறுநா தாளாளர் ரூம்புல கோகிலா வந்து நின்னா. எங்கிட்டப் பேசல, அவர்கிட்டத்தான் பேசுனா. "அந்தப் புள்ள அதுகிட்டப் பேசுனத எடுக்கச் சொல்லுங்க சார்"னா. நான் லேப்டாப்புல எடுத்துக் குடுத்தேன். அவ நின்னுட்டே படிச்சா, சத்தமா. எனக்கு இங்க இருக்கப் புடிக்கலன்னு புள்ள எழுதியிருக்குது. அதுக்கு வாணி, பரவால்ல சாமி, போகப் போகப் பழகிரும், இன்னொரு கணக்குப் போடலாமா. அப்பா போன எடுக்கமாட்டேங்கறாருன்னு எழுதியிருக்குது. பரவால்ல சாமி, கவனத்த இங்க கொண்டு வா, அடுத்ததப் பாக்கலாமா. சாப்புடப் புடிக்கலன்னு எழுதியிருக்குது. பரவால்ல சாமி. இப்படியே பக்கம் பக்கமாப் போகுது. எங்கூட்டுக்காரி அவ வார்த்தைய அவ வாயாலயே கடைசி வரைக்கும் படிச்சா. நான் தண்ணி எடுத்துக் குடுத்தேன். வாங்கல.

"இத நிறுத்துங்க சார். இல்லைன்னா ஞாயித்துக்கெழம பெத்தவங்க கூட்டத்துல இத நானே அத்தன பேரு முன்னாலயும் படிப்பேன்"னா.

தாளாளரு வழவழன்னு பேசற ஆளில்ல. எம்பக்கம் திரும்புனாரு. "லோகநாதா, இந்தம்மாவுக்கு எத்தன மாசமாச் சிவப்பு?"ன்னாரு.

ஆரம்பத்துல இருந்தேன்னேன்.

"உன்ற ரிப்போர்ட்டுத்தானே? சரியான ரிப்போர்ட்டா, தப்பான ரிப்போர்ட்டா?"

நீங்க என் நெலமையில இருந்து யோசிங்க தம்பி. தப்புன்னு சொன்னா என்ன ஆகும்? ரெண்டு ஸ்கூலுக்காரங்க கையெழுத்துப் போடற கட்டத்துல நிக்கறாங்க. தப்புன்னு ஒரு வார்த்த சொன்னா, அத்தன டீச்சருக்கும் போட்ட அத்தன நெறமும் தப்புன்னு ஆயிரும். சொந்தப் பொண்டாட்டிக்காகச் சொல்றான்னுதான் பேசுவாங்க. கோகிலா என்னையப் பாத்துட்டே நின்னா. நான் சொன்னேன், சரியான ரிப்போர்ட்டுத்தானுங்கன்னு. கீழ கையெழுத்து வேணும்னாரு, போட்டுக் குடுத்தேன். நான் போட்டது ரிப்போர்ட்டுலதானுங்க. அவள வேலைய விட்டு எடுத்தது அவரு. ரெண்டும் வேற வேற. இத எத்தன பேர்கிட்டச் சொல்லியும் யாருக்கும் புரிய மாட்டேங்குது. எம்பையனுக்கே புரியல, கோயமுத்தூர்ல படிக்கறான், நான் கூப்புட்டாக் கட் பண்ணிர்றான்.

அவ சண்டை போடல. போட்டிருந்தாக்கூடப் பரவால்லைன்னு தோணுது. பெத்தவங்க கூட்டத்துக்கும் போகல, ஸ்கூலு கேட்டுக்குள்ளயே விடல அவள. ஒரு வாரம் ஊட்லயே இருந்தா. சமைச்சா, தொவைச்சா. அப்பறம் ஒரு நா நான் சென்டருக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், பீரோ ஒரு பக்கம் காலி. கோபிச்செட்டிபாளையத்துல ஒரு ரூம்பு எடுத்து, படிப்பப் பாதியில விட்ட புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறான்னு அப்பறமாத்தான் தெரிஞ்சுது. அகல்யாவும் அந்த மாசமே நின்னுட்டா. காரணம் சொல்லல. போறப்ப இந்த வெள்ளைப் பலகையப் பூராம் தண்ணி தொட்டுத் தொடச்சுட்டுப் போனா.

சரி, அவ போனா, அந்தத் தாளாளராவது எனக்கு விசுவாசமா இருந்தாரான்னா அதுவும் இல்லீங்க. அடுத்த ஜூன்ல ஒரு பெரிய கம்பெனிக்காரன் இதே மாதிரி ஒண்ணச் சும்மாவே குடுக்கறேன்னு வந்தான். அதுல வாத்தியாரு வகுப்புல என்ன பேசறாங்கன்னுகூடக் கேட்டுக்கலாமாம். ஒடனே அங்க தாவிட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. போன் பண்ணா எடுக்கல. நேர்ல போனேன், ரிசப்ஷன்ல உக்கார வெச்சுட்டாங்க. எம்பொண்டாட்டி பேரையே விட்டுக்குடுத்தவன் நான், எனக்கு ஒரு கப்பு டீ குடுத்து அனுப்பக்கூட அந்த ஸ்கூலுல ஆளில்ல. கையெழுத்துப் போடறதா இருந்த ரெண்டு ஸ்கூலும் நழுவிருச்சு. சர்வர வித்தேன். ஏசியக் கழட்டல, அது உங்களுக்கு ஆகும்.

இப்பச் சொல்லுங்க, இதுல நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்? எண்ணம் நல்ல எண்ணம்தானுங்களே?

கோகிலா தை மாசம் ஒருக்கா வந்தா. சர்ட்டிபிகேட்டும், தையல் மெஷினும் எடுக்க. வாசல்ல ஆட்டோ நின்னுட்டிருந்துச்சு. நான் காப்பி போட்டுக் குடுத்தேன், நின்னுட்டே குடிச்சா. எளைச்சிருந்தா, ஆனா மூஞ்சி தெளிவா இருந்துச்சு. எனக்குத்தான் மனசு கேக்கல. கேட்டே போட்டேன். கோகிலா, மொத தடவ சிவப்பு வந்தப்பவே நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா இத்தன தூரம் வந்திருக்குமா? திரையில உன்னப் பத்தி என்ன வந்துச்சோ அதுக்குத்தானே நான் கையெழுத்துப் போட்டேன்?

டம்ளரக் கழுவி வெச்சுட்டுத்தான் பதில் சொன்னா. கோவமாச் சொல்லல.

"கண்ணாலம் ஆன நாள்ல இருந்து ஒரே ஊட்ல இருந்தமே. நான் எப்படிச் சொல்லிக் குடுப்பேன்னு அந்தத் திரையப் பாத்தாத்தான் உங்களுக்குத் தெரியுங்களா?"

ஆட்டோ போனதுக்கு அப்பறம்தான் எனக்கு அதுக்குப் பதில் வந்துச்சு. ஊட்ல பாக்கறது வேற, அளந்து பாக்கறது வேற. ஊட்ல பாத்தாப் பாசம் வந்து கண்ண மறைச்சிரும். அளந்தாத்தான் உண்மை. இத அவகிட்டச் சொல்லியிருக்கோணும். சொல்லியிருந்தா அவளுக்குப் புரிஞ்சிருக்கும். படிச்சவதானே.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? சமையலறையப் பாக்கலீங்களே. அந்தப் பக்கம் பால்கனியும் இருக்குது. உங்க ஊட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு வந்து காட்டறீங்களா? சரி சரி. அவங்களும் இங்கதான் ஏதோ ஸ்கூலுல சேரப் போறாங்கன்னீங்கல்ல.

என்ன கேட்டீங்க? எந்தப் புள்ள?

ஓ, அந்தப் புள்ளையா. டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு கேள்வி. அப்பன் வந்து வாங்குனாரா, வேற யாராச்சும் வந்தாங்களான்னு நான் கேட்டுக்கல. அதுக்கு அப்பறம் எங்க படிக்குதுன்னு... தெரியலீங்க தம்பி. கோகிலாவுக்குத் தெரியும். அவளக் கேட்டாச் சொல்லுவா.

நீங்க வேணா கேட்டுப் பாருங்க, நம்பர் தர்றேன். நான் கூப்புட்டா அவ எடுக்கறதில்ல.